பிரதான சாலையில் பச்சைக் கோடா, உள்தெருக்களில் வேகக் குறைப்பா? அன்றாட சைக்கிளுக்கு எது முதலில்?

#1 அண்ணாநகர்_மேற்கு

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சில வாரங்களாக இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பிரதான சாலையின் இரு ஓரங்களிலும் சைக்கிள் பாதை கேட்டுக் கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. அப்படிப் போட்டால் கடைக்கு வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள் என்கிறது இன்னொரு தரப்பு.

சைக்கிள் என்றதும் சங்கத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஞாயிறு அதிகாலையில் ஈ.சி.ஆர். பக்கம் கூட்டமாகப் போகிறவர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் தினமும் சைக்கிளில் வருகிறவர்கள் வேறு. பேப்பர் போடும் பையன், கேனில் டீ கொண்டுவருகிறவர், கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளர்கள், இரவுக் காவலாளிகள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் சைக்கிளில் போனவர்கள் இந்திய அளவில் சுமார் 13 விழுக்காடு. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் போனவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அதன் பிறகு எவ்வளவு குறைந்திருந்தாலும், இல்லாத ஒரு கூட்டத்துக்காக நாம் பாதை கேட்கவில்லை.

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் பகுதியில் நடைபாதைகள் கொஞ்சம் அகலமாகியிருக்கின்றன. சைக்கிளுக்கு என்று கண்ணில் படும்படி எதுவும் இல்லை.

மனுவில் எதைக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓய்வுபெற்ற_ஜே.இ.

எதைக் கேட்டாலும் கேளுங்கள், பெயின்ட் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நம் ஊர்ச் சாலையின் இடது ஓரம் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். சாலையின் நடு உயர்ந்திருக்கும், தண்ணீர் ஓரத்துக்கு வடியும். தண்ணீரோடு மணலும் அங்கேதான் சேரும். மழைநீர் வடிகாலின் வாய் அங்கே. தொலைபேசிக்காரனும் மின்வாரியமும் குடிநீர் வாரியமும் தோண்டி மூடுவது அங்கே. பஸ் நிற்பது, ஆட்டோ காத்திருப்பது, கார்க் கதவு திறப்பது எல்லாம் அங்கேதான். ஆக மோசமான இரண்டு மீட்டரைத் தேடிப்பிடித்து அதற்குப் பச்சை அடிப்பதைத்தான் பல ஊர்களில் சைக்கிள் பாதை என்கிறார்கள்.

வடிகால் வாயை மூடும் கம்பிச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் அப்படியே இறங்கிவிடும். குறுக்குவாக்கில் வைத்தால் தொந்தரவு இல்லை. தண்ணீர் வடிவதில் வித்தியாசம் இருந்தால் வாயைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிடலாம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரைபடத்தில் 'கிரேட்டிங்' என்று ஒரு சொல் மட்டும் இருக்கும், எந்தத் திசை என்று இருக்காது. பதிப்பவர் தனக்கு வசதியானபடி பதிப்பார்.

அடுத்தது தார். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துமூலம் அறிவுறுத்தினார். அது நடக்காத இடங்களில் மேன்ஹோல் மூடி நான்கு விரல் ஆழத்தில் கிடக்கும். கார் ஓட்டுகிறவருக்கு அது ஒரு குலுக்கல். சைக்கிள்காரருக்கு, பின்னால் பஸ் வரும்போது திடீரென வலப்பக்கம் ஒடிக்க வேண்டிய கட்டாயம்.

#3 இருசக்கரவாசி

எல்லோரும் ஏதோ ஐரோப்பாவில் இருப்பதுபோல் பேசுகிறீர்கள். மே மாத வெயிலில் சென்னையில் சைக்கிள் மிதித்து அலுவலகம் போய் உட்கார முடியுமா? சைக்கிளில் போகிறவர்களில் பாதிப் பேர் வேறு வழியில்லாமல் போகிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய டி.வி.எஸ். ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அது முன்னேற்றம்தானே? அதைத் தடுக்கவா பாதை?

இன்னொன்று. டெல்லியில் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் பி.ஆர்.டி. தடம், அதாவது பஸ்ஸுக்கென்று தனியாகப் பிரித்த விரைவுத் தடம், 2008இல் வந்தது. 5.8 கிலோமீட்டர். அதில் சைக்கிளுக்குத் தனிப் பாதை அழகாகத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிள் எல்லாம் அதற்குள் புகுந்து ஓடின. 2016இல் தடத்தையே இடித்துவிட்டார்கள். இங்கே மட்டும் என்ன மாறப்போகிறது?

#4 டெல்ஃப்ட்வாசி

வெயிலுக்குப் பதில் சொல்ல நான் வசிக்கும் நெதர்லாந்தைக் காட்டப்போவதில்லை. ஸ்பெயினின் செவில்லெ நகரைப் பாருங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. 2006 வாக்கில் ஒன்றோடொன்று சேராத துண்டுகளாகச் சுமார் 12 கிலோமீட்டர் பாதை இருந்தது. அன்றாடப் பயணங்களில் சைக்கிளின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் அளவுக்கு ஒரே வலைப்பின்னலாகக் கட்டினார்கள். நாளொன்றுக்கு 6,000 பயணங்கள் என்று இருந்தது 70,000 வரை போனது.

அங்கே வேலை செய்தது மூன்று விஷயங்கள் என்பது என் கணிப்பு. கோடு போடாமல், சாலை மட்டத்திலிருந்து உயர்த்தி, நடுவில் தடுப்பு வைத்தார்கள். இடத்தைப் பெரும்பாலும் நடைபாதையில் திருடாமல், கார் நிறுத்தத்திலிருந்து எடுத்தார்கள். சுமார் 5,000 கார் இடங்கள் போயின. எல்லாவற்றையும்விட முக்கியம், முழு வலையையும் ஒரே மூச்சில் கட்டினார்கள். ஆண்டுக்கு ஒரு தெரு என்று போட்டிருந்தால் எந்தத் துண்டும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. 'பார், யாருமே ஓட்டவில்லை' என்று சொல்லி மூடியிருப்பார்கள். டெல்லிக் கதையும் அதுதான். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரில் 5.8 கிலோமீட்டர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

செவில்லெயில் வறண்ட வெயில், சென்னையில் புழுக்கம் என்று அடுத்து சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் நாம் பேசுவது இரண்டு, மூன்று கிலோமீட்டர்ப் பயணம். கால் மணி நேரம். ஓடும்போது காற்றாவது படுகிறது, வேர்த்துக் கொட்டுவது சிக்னலில் நிற்கும்போதுதான். பாதைக்கும் சாலைக்கும் நடுவில் நிழல் மரம் வேண்டும். புங்கை போதும். வர்தா புயலில் விழுந்த வகைகளையே திரும்பவும் நடாமல் இருந்தால் சரி.

நெதர்லாந்தைப் பற்றி ஒன்று மட்டும். இவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை இங்கேயும் சைக்கிள் சரிந்துகொண்டேதான் வந்தது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகள் 400க்கும் மேல். 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து' என்ற பெயரிலேயே 1972இல் ஓர் இயக்கம் தொடங்கி, பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். அதற்கு மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இன்று நான் ஓட்டும் பாதை அந்தத் தகராறில் கிடைத்தது.

#5 மருதோன்றி

இருசக்கரவாசி அண்ணா, 'முன்னேற்றம்' என்றீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் வந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிற அரசு, அதை ஓட்டத் தெரு கொடுக்கவில்லை. என் மகள் பிளஸ் டூ முடிக்கும்வரை அதில்தான் போனாள். கல்லூரிக்குப் போக இரண்டு பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும் என்று வந்ததும் நானே வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது ஷேர் ஆட்டோ. அவளுக்கு இதில் என்ன முன்னேற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. போக வர நான் காசு கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

என் அம்மா புதுக்கோட்டைப் பக்கம். அறிவொளி இயக்கக் காலத்தில், 1991-92இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல்குவாரிப் பெண்களிலிருந்து அங்கன்வாடிப் பணியாளர்கள்வரை ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனாலும் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு அம்மா போவதை நான் பார்த்து வளர்ந்தேன். அந்தச் சாலையில் அன்று வேகமாக வந்தது மணிக்கொரு பஸ்தான்.

மரம் நடுகிறவர்கள் விளக்கையும் யோசியுங்கள். கம்பம் சாலை நடுவில், பாதை மரத்துக்கு இந்தப் பக்கம் என்றால் வெளிச்சம் காருக்கு, இருட்டு எங்களுக்கு. ஆறு மணிக்கு மேல் எந்தப் பெண்ணும் அந்தப் பாதையில் போகமாட்டாள். கிளைக்குக் கீழே, தாழ்வான கம்பத்தில் தனி விளக்கு வேண்டும். சாலையிலிருந்தும் கடைகளிலிருந்தும் பாதையில் போகிறவர் தெரிய வேண்டும். உயரமான செடி வேலியெல்லாம் அழகுக்கு வைக்காதீர்கள்.

#6 இருசக்கரவாசி

விளக்கு விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோட்டார் சைக்கிள் புகுவதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நானே புகுவேன். பஸ் பின்னால் கால் மணி நேரம் நிற்கும்போது பக்கத்தில் காலியாக இரண்டு மீட்டர் கிடந்தால் எவன் சும்மா இருப்பான்?

#7 ஓய்வுபெற்ற_ஜே.இ.

நேர்மையான கேள்வி. இந்தியாவில் சைக்கிள் பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நழுவும் இடம் இதுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பாதையின் வாயில் கம்பம் நடுவது. பலன் இல்லை. ஸ்கூட்டரின் ஹேண்டில் அகலமும் சைக்கிளின் ஹேண்டில் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கூட்டர் நுழையாதபடி நெருக்கினால் சைக்கிளும் நுழையாது. மூன்று சக்கர மிதிவண்டியும் மாற்றுத்திறனாளியின் வண்டியும் நுழையவே நுழையாது. கடைசியில் மோட்டார் சைக்கிள்காரன் கம்பத்தைப் பிடுங்கிவிட்டுப் போவான், சைக்கிள்காரன் சாலையில் போவான்.

எனக்குத் தெரிந்தவரை நிலைமையைக் கொஞ்சம் மாற்றுவது மூன்று விஷயங்கள். ஒன்று, பாதையை அடிக்கடி மேடை ஏற்றி இறக்குவதும் இலேசாக வளைப்பதும். 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு அது தெரியாது, 40இல் வருகிறவருக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டு, மோட்டார் சைக்கிளுக்குச் சாலையிலேயே ஒழுங்காக நகர இடம் கொடுப்பது. அதாவது பஸ் கண்டபடி நடுவில் நிற்பதைச் சரிசெய்வது. பஸ் நிறுத்தத்தைச் சாலைப் பக்கம் நீட்டி, நிழற்குடைக்குப் பின்னால் சைக்கிள் பாதையைக் கொண்டுபோனால், பஸ் ஓரம் ஒதுங்கித் திரும்ப உள்ளே நுழையும் குழப்பமே இருக்காது. பயணி இறங்கும் இடத்தில் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிறவர் மேல் சைக்கிள் மோதும். மூன்றாவது அபராதம். அதை நம்பி எதையும் வடிவமைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில மோட்டார் சைக்கிள்கள் வரத்தான் செய்யும். அதனால்தான் எனக்குப் பிரதான சாலைப் பாதையைவிட உள்தெருக்களில் நம்பிக்கை அதிகம். அண்ணா நகர் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கட்டிய பகுதி. பெரிய அவென்யூக்களுக்கு இணையாக எத்தனையோ தெருக்கள் ஓடுகின்றன. குடியிருப்புத் தெருக்களுக்கு மணிக்கு 30 கி.மீ. என்று போக்குவரத்துக் காவல்துறை 2023இல் அறிவித்ததே, பலகையை யார் பார்க்கிறார்கள்? தெருவையே 30க்கு மேல் ஓட்ட முடியாதபடி கட்ட வேண்டும். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

#8 பஞ்சர்கடை

ஐயா சொல்கிற மேடையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். தெருக்காரர்களே சேர்ந்து போடுகிற வேகத்தடை இருக்கிறதே, அரை அடி உயரம், ஒரு அடி அகலம். கார்க்காரன் மெதுவாக ஏறிப் போய்விடுவான். என் கடைக்கு வருகிற ரிம் வளைந்த சைக்கிள் எல்லாம் அதில் அடிவாங்கியவைதான். தண்ணீர் கேன் போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேன் கட்டுவார்கள். ஒரு கேன் 20 லிட்டர், ஆக 40 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தோடு வேகத்தடையில் இறங்கினால் பின்சக்கரத்து ஸ்போக் இரண்டாவது போகும். ஸ்போக் மாற்றி, கோட்டம் எடுத்து, அரை நாள் கூலி போய்விடும்.

பாதை போடுகிறவர்கள் அகலத்தை அளக்கும்போது வெறும் சைக்கிளை அளக்காதீர்கள். கேன் கட்டிய சைக்கிளை நிறுத்தி அளங்கள். கேரியரில் தட்டு வைத்துப் பூ விற்கிறவர், மீன் கூடை கட்டியவர், பின்னால் ஏணியை நீளவாக்கில் கட்டிக்கொண்டு போகும் பெயின்டர் எல்லோரும் அந்தப் பாதையில் வர வேண்டும். ஒருவர் தாண்டிப் போக முடியாத பாதையில் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். சாலைக்கே இறங்கிவிடுவார்கள்.

#9 ஓய்வுபெற்ற_ஜே.இ.

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. வேகத்தடைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) அளவு என்று ஒன்று இருக்கிறது. நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். அந்தச் சரிவில் ஏறினால் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்குச் சிரமம் இல்லை, சைக்கிளுக்கு ஒன்றுமே தெரியாது. நம் தெருக்களில் இருப்பவை எந்த அளவிலும் சேராதவை.

#10 கொக்குவில்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் வராத காலத்தில் எங்கள் குடாநாடே துவிச்சக்கர வண்டியில்தான் ஓடியது. பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி, விறகு, நோயாளி எல்லாமே அதில்தான். விரும்பிச் செய்த காரியம் அல்ல. அதைப் பொற்காலம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒரு விஷயம் உங்களுக்கு உதவும். எங்கள் ஊரின் ஒழுங்கைகள், நீங்கள் சந்து என்பீர்களே அவை, ஒடுங்கியவை, வளைந்தவை, இரண்டு பக்கமும் வேலியோ மதிலோ இருக்கும். வாகனம் வேகமெடுக்க முடியாது. ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகப் புகுந்து பிரதான வீதியைத் தொடாமலே ஊரின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடலாம். வண்டிக்கென்று யாரும் பாதை போட்டுத் தரவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது கறள் பிடித்துக் கிடந்த வண்டிகளை எல்லாம் துடைத்து எடுத்து அதே ஒழுங்கைகளில்தான் ஓடினார்கள். இப்போது ஒழுங்கைகளை அகலித்து, வழுவழுப்பாகத் தார் போட்டு, காப்பெற் வீதி ஆக்குகிறார்கள். மோட்டார் சைக்கிள் பறக்கிறது. பொறியியலாளர் ஐயா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன், பிரதான வீதியில் தொடங்காதீர்கள்.

#11 மட்டுறுத்துநர்

செவில்லெ சிறந்ததா ஆம்ஸ்டர்டாம் சிறந்ததா என்று தொடங்கிய ஐந்து பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தெருவைப் பற்றிப் பேசுங்கள்.

#12 டெல்ஃப்ட்வாசி

உள்தெரு வாதத்தை முழுக்க ஏற்க எனக்குத் தயக்கம். கடை, வங்கி, பஸ் நிலையம், மருத்துவமனை எல்லாம் பிரதான சாலையில்தானே இருக்கின்றன? உள்தெருவில் எவ்வளவு நிம்மதியாக வந்தாலும் கடைசி 200 மீட்டரில் அங்கே வந்துதான் ஆக வேண்டும். எல்லா உள்தெருவும் கடைசியில் ஒரு பெரிய சாலையைக் கடக்கவும் வேண்டும். மருதோன்றி அக்காவின் மகள் சைக்கிளை விட்டது தெருவால் அல்ல, இரண்டு சந்திப்புகளால்.

சந்திப்பில்தான் சாவு. நம் ஊரில் அதற்குப் பெயர் ஃப்ரீ லெஃப்ட். மூலையை அகலமாக வளைத்து வெட்டி, சிக்னலில் நிற்காமல் இடதுபக்கம் திரும்பிப் போக விடுகிறார்கள். நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரர் இடது ஓரத்தில் வருகிறார். திரும்புகிற லாரி அவர் முன்னால் குறுக்கே வெட்டுகிறது. லாரி ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த மூலை தெரியாது. நடந்து கடக்கிறவருக்கும் இதே கதிதான்.

இங்கே நெதர்லாந்தில் அந்த மூலையில் ஒரு சிறிய கல்மேடை இருக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லை, ஒரு பெரிய மேசை அளவு. அது மூன்று வேலை செய்கிறது. திரும்பும் வண்டியை ஒடித்துத் திரும்ப வைப்பதால் வேகம் குறைகிறது. சைக்கிள் கடக்கும் கோட்டை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளிவைக்கிறது. அதனால் ஓட்டுநர் முழுதாகத் திரும்பிய பிறகே சைக்கிள்காரரைச் சந்திக்கிறார். அப்போது அவர் பக்கவாட்டில் இல்லை, நேர் எதிரே கண்ணில் படுகிறார். சிக்னலுக்குக் காத்திருக்கும் சைக்கிள்காரர் அந்த மேடையின் மறைவில், கார்களுக்கு முன்னால் நிற்கிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வலதுபக்கம் போக வேண்டியவர் நடுச்சாலைக்கு வருவதே இல்லை. நேராகக் கடந்து, அடுத்த மூலையில் நின்று, அடுத்த பச்சையில் மறுபடி கடக்கிறார்.

அதனால் என் பட்டியலில் சந்திப்பு முதலில், அதற்குள் போய்ச் சேரும் உள்தெரு அடுத்து. பிரதான சாலைப் பாதை, சாலையை மறுபடி தோண்டிப் போடும் ஆண்டில். ஆம்ஸ்டர்டாம்கூட 2023 டிசம்பரில்தான் பெரும்பாலான தெருக்களை 30க்கு இறக்கியது. பாதை கட்டி அரை நூற்றாண்டு ஆன பிறகும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

#13 மருதோன்றி

ஒரு பச்சை விளக்கில் நடந்து கடக்கவே நேரம் போதாத ஊரில் இரண்டு பச்சைக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். சிக்னல் நேரத்தையும் மனுவில் எழுதுங்கள். நடப்பவர்களுக்குப் போதுமான நேரம் சைக்கிளுக்கும் போதும். அத்தனை நேரம் நிற்க மூலையில் நிழல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

#14 ஓய்வுபெற்ற_ஜே.இ.

டெல்ஃப்ட்வாசியின் வரிசையோடு எனக்குச் சண்டை இல்லை. மனுவை நான் இப்படி எழுதுவேன். சங்கத்தின் எல்லைக்குள் நீளவாக்கில் கம்பி உள்ள எல்லா வடிகால் சட்டங்களையும் படம் எடுத்து, தெருப்பெயரோடு இணையுங்கள். அது பராமரிப்புச் செலவு, டெண்டர் எதுவும் வேண்டாம். அடுத்து, ஒரே ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுத்து ஃப்ரீ லெஃப்டை மூடச் சொல்லிக் கேளுங்கள். முதலில் கூம்புகளும் மணல் மூட்டையும் வைத்துச் சோதனை. பஸ் திரும்புகிறதா, தீயணைப்பு வண்டி திரும்புகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் அதிகாரிக்குத் துணிவு வரும், பிறகு கல் பதிக்கலாம். மூன்றாவதாக, பள்ளிக்குப் போகும் தெருக்களில் மட்டும் பழைய வேகத்தடைகளை எடுத்துவிட்டு அளவானதைப் போடச் சொல்லுங்கள். பிரதான சாலை அடுத்து எப்போது மறுசீரமைப்புக்கு வருகிறதோ, அப்போது இரண்டு மீட்டர் பாதைக்கு இடம் விட்டே வரைபடம் போட வேண்டும் என்று ஒரு பத்தி.

#15 இருசக்கரவாசி

வடிகால் சட்டம், சந்திப்பு, வேகத்தடை மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஃப்ரீ லெஃப்டில் எங்களையும்தான் லாரி நெருக்குகிறது. பார்க்கிங்கை எடுப்பதற்கு மட்டும் என் கையெழுத்து கிடையாது. என் அண்ணன் கடை அந்தச் சாலையில் இருக்கிறது.

#16 அண்ணாநகர்_மேற்கு

நான்காவது பத்தியைத் தனி மனுவாகப் பிரித்துவிடுகிறேன். அதில் விரும்பியவர்கள் கையெழுத்திடட்டும். பஞ்சர்கடைக்காரரே, கேன் கட்டிய சைக்கிளின் மொத்த அகலத்தை டேப் வைத்து அளந்து இங்கே போட முடியுமா? 'இரண்டு மீட்டர் எதற்கு' என்பதுதான் கவுன்சிலரின் முதல் கேள்வியாக இருக்கும்.

#17 பஞ்சர்கடை

காலையில் ஏழு மணிக்கு ஒருவர் காற்றடிக்க வருவார். நிறுத்தி அளந்து, படத்தோடு போடுகிறேன்.